மெய்ப்புக்காகக் கொடுத்த முகவரி

நாற்காலிகளை எப்போதும் வருகிற ஆட்களைவிட நாலைந்து குறைவாகவே போட வேண்டும். நாலு பேர் சுவரோரம் நின்றால்தான் கூட்டம் கூட்டமாகத் தெரியும். பதினோரு வருடமாகக் கவிதை வாசிப்பு நடத்துகிறவள் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

எங்கள் பதிப்பகம் தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. பெண்கள் எழுதியதை மட்டும்தான் போடுவோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, நூலக மாடியில் வாசிப்பு. அன்று மேசையில் புத்தகம் விற்றால்தான் அடுத்த புத்தகம் அச்சேறும். போன வருடம் ஆள்வரத்து தேய்ந்துபோய், வாசிக்க வந்தவர்களும் அவர்கள் கூட்டிவந்த அக்கா தங்கைகளும்தான் மிச்சம்.

அப்போதுதான் அவள் வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை தேய்ப்பவள். இஸ்திரி என்று தனக்குத்தானே புனைபெயர் வைத்திருந்தாள். புருஷன் எந்தக் கையால் அடிப்பான், பிறகு எந்தக் கையால் தண்ணீர் கொடுப்பான் என்று எட்டு வரி வாசித்தாள். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் படிக்கட்டு வரை ஆள் நின்றார்கள். அவள் தொகுப்பு வரப்போகிறது என்று அறிவித்தேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

ஏழாவது மாதம் அவள் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். சலவைப் பிரிவிலும் வேலையை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டாள். தொகுப்பின் மெய்ப்பு, அதுதான் அச்சுக்கு முன் பிழை பார்க்கிற பிரதி, அனுப்ப வேண்டுமே என்று புது முகவரியை என்னிடம் கொடுத்தாள்.

"பெத்த அம்மாகிட்டகூடச் சொல்லலைக்கா. அவங்க மனசு இளகி அவர்கிட்ட சொல்லிடுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். புது வீட்டுக்கு அடுப்பு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஆனால் கவிதை போய்விட்டது. ஜன்னலுக்குத் திரை தைத்ததைப் பற்றி ஒன்று. விடியும்வரை தூங்கியதைப் பற்றி ஒன்று. கூட்டம் மரியாதைக்குத் தட்டிவிட்டுக் கலைந்தது. மூன்றே மாதத்தில் சுவரோரம் நிற்க ஆளில்லை.

"உள்ளே இன்னும் இருக்குமே, கிளறிப் பாரேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கிளறினா சாம்பல்தான்க்கா வருது. எனக்கு இப்போ எதுவும் வலிக்கலை. வலிக்காததைத்தான் எழுதுறேன்."

தொகுப்பில் பாதிப் பக்கம் நல்ல கவிதை, பாதிப் பக்கம் ஜன்னல் திரை. எங்களை நம்பி இன்னும் ஆறு பெண்கள் கைப்பிரதி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களையும் நான் பார்க்க வேண்டும் அல்லவா?

பதிப்பகத் தாளில் எழுதவில்லை. வெறும் வெள்ளைத் தாள். கட்டடத்தின் பெயர், மாடி, கதவு எண், அவள் வேலை முடிந்து திரும்பும் நேரம். அவளுடைய பழைய வீட்டுக்கு, அவன் பெயருக்குத் தபாலில் போட்டேன். வந்து கதவைத் தட்டுவான், கத்துவான், அவளுக்குப் பழைய பயம் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்லை, உண்மையைச் சொல்லத்தானே ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேலும் நினைத்தேன்.

அவன் கத்தவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். ஒரு கண் திறக்கவில்லை. வலது கை விரலிலிருந்து முழங்கை வரை கட்டு. அவள் தேய்த்து அனுப்புகிற போர்வையைத்தான் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். திறந்திருந்த கண்ணால் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, அந்த முகவரி உங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்?"

"ஆமாம்மா" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அவளிடம் அது நல்ல அறிகுறி. எழுதுவதற்கு முன்னால் அப்படித்தான் இருப்பாள்.

கடிதம் என் கையெழுத்துதான், வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம், அவள் தலைமாட்டில் ஒரு புது நோட்டு வைத்துவிட்டு வந்தேன், அதை நர்ஸ் எடுத்துவிடப் போகிறாள். இடது கையால் எழுத ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?