துண்டு போட்ட பதில்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துக்கொண்டே பேசுகிறேன். வக்கீல் வேண்டாம். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

போக்குவரத்து அமைச்சகத்தில் கேள்விப் பிரிவு என்று ஒன்று இருப்பதே படகு முழுகிய பிறகுதான் பலருக்குத் தெரிந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர் சொல்ல வேண்டிய பதிலை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு பதிலுக்கும் கெடு உண்டு. கெடு தவறிய அமைச்சகங்களின் பெயரைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் அவைத்தலைவர் உரக்க வாசிப்பார். நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்பெல்லாம் எங்கள் பெயர்தான் முதலில் வரும். கேன்டீனில் மற்ற துறைக்காரர்கள், "சாப்பாட்டுக்கு மட்டும் கரெக்டா வந்துடுறீங்களேப்பா" என்பார்கள். நான் வந்த பிறகு அந்த வாசிப்பில் எங்கள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இப்படிப்பட்டவனைக் குற்றவாளி என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

எப்படிச் சாதித்தாய் என்று கேட்டீர்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பார்களே, அதேதான். முழுப் பதில் தயாராக இல்லையென்றால், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று எழுதி அனுப்பிவிடுவோம். அதுவும் பதில்தான்; நேரத்துக்குள் போன பதில். விவரம் தர அதற்குப் பிறகு மூன்று மாதம் கிடைக்கும். எங்கள் பிரிவில் இதற்குத் துண்டு போடுவது என்று பெயர். எல்லாத் துறையும் போடுகிற துண்டுதான். நான் மடிப்புக் கலையாமல் போட்டேன்.

முகத்துவாரத்தில் ஓடிய அரசுப் படகைப் பற்றிக் கேட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர், முன்னாள் நர்ஸ். அடித்தட்டைச் சோதித்தார்களா, முடிவு என்ன. இரண்டே வரி. சோதித்த இன்ஜினியர் மறுநாளே என் மேஜைக்கு வந்துவிட்டார். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் துருவாம். உடனே நிறுத்த வேண்டும் என்றார்.

அதை அப்படியே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அனுப்பினால் நர்ஸம்மா எழுந்து துணைக் கேள்வி கேட்பார். இத்தனை நாள் ஓடவிட்டது யார், மாற்றுப் படகு எங்கே. அமைச்சர் திருதிருவென்று விழிப்பார். அதற்கெல்லாம் பதில் தயாரித்து மேலிடத்துக் கையெழுத்துகளை வாங்குவதற்குள் கெடு தாண்டிவிடும். துண்டைப் போட்டேன்.

இன்ஜினியர் விடவில்லை.

"பதில் போயிடுச்சா சார்?"

"நேத்தே போயாச்சு. திரட்டிட்டு இருக்கோம்னு."

"நான்தான் திரட்டி உங்க கையிலேயே குடுத்துட்டேனே."

"கையில இருக்கிறது வேற, அவையில வைக்கிறது வேறப்பா."

அவர் தன் மேலதிகாரியிடம் போனார். கேள்வி அவையில் நிலுவையில் இருக்கிறது, பதில் வரட்டும், பிறகு நிறுத்தலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். படகு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நர்ஸம்மா ஒருநாள் என்னைப் போனிலேயே பிடித்துவிட்டார். "படகு முழுகுமா முழுகாதான்னு கேட்டேன் தம்பி. இதுல திரட்ட என்ன இருக்கு?" பதில் அவையில் வரும் அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவையில் வைக்கும் முன் வெளியே சொன்னால் உரிமை மீறல். விதி தெரியாதவனா நான்?

விதியை ஒரே ஒருமுறை மீறினேன். அதையும் மறைக்கவில்லை. என் தங்கை வீடு அக்கரையில் இருக்கிறது. அவள் பிள்ளைகள் அந்தப் படகில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். துண்டு போட்ட அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், இனிமேல் பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பு என்றேன். காரணத்தையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லட்டுமா என்றாள். அந்த வீட்டுப் பெண்ணும் என் தங்கை மகளும் நகமும் சதையுமாகத் திரிவார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. அவையில வைக்காத தகவல். என் வேலைக்கே உலை வெச்சுடும்."

"பசங்க ஏன் பஸ்ல போறாங்கன்னு கேட்டா என்னண்ணா சொல்றது?"

"உட்கார இடம் கிடைக்குதுன்னு சொல்லு."

சொன்னாள். அண்ணன் பேச்சைத் தட்டாதவள். இப்போது என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் பின்பக்கச் சந்து வழியாகப் போய்வருகிறாளாம்.

படகு பள்ளி விட்ட நேரத்தில், நடு முகத்துவாரத்தில் முழுகிப்போனது. எத்தனை பிள்ளைகள் என்பதைப் பத்திரிகைகளே எழுதிவிட்டன. எல்லோரும் ஏதேதோ அறிக்கை விட்டார்கள். நான் ஒருவன்தான் வேலையைப் பார்த்தேன். மறுநாள் அலுவலகம் திறந்ததும் முழுப் பதிலையும் அவைக்கு அனுப்பினேன்: அடித்தட்டு துருப்பிடித்துள்ளது, படகை உடனே நிறுத்தப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. இன்ஜினியர் சொன்னதில் ஒரு வரிகூட விடவில்லை.

ஆமாம், முழுகும் என்று தெரிந்துதான் கையில் வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தாமதம் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த மூன்று மாதக் கெடு முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.