பழுதில்லாத மேல் முன்பற்கள்

தாம்பரம் மார்க்கெட்டில் தேடினால் எதுவும் கிடைத்துவிடும் சார். நல்ல முன்பல் மட்டும் கிடைக்காது.

கடைவாய்ப் பல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு இலவச முகாம் போட்டால் அள்ளலாம். முன்பல்லை மனிதர்கள் லேசில் விடமாட்டார்கள். ஆடினாலும் கறுத்தாலும் நாக்கால் முட்டுக்கொடுத்தாவது வைத்திருப்பார்கள். விடுகிறபோது அது எதற்கும் லாயக்கில்லாமல் போயிருக்கும். என் ஆய்வுக்கு வேண்டியது சொத்தையும் விரிசலும் இல்லாத, முழு வேருள்ள பல். நிபந்தனையை எழுதியவர் என் வழிகாட்டி டாக்டர் தோத்தாத்ரி. நான் அதற்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

ஆய்வு எதைப் பற்றி என்று விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். ரூட் கெனால் செய்த முன்பல் உள்ளே வெறும் கூடு. அதற்குள் ஒரு கம்பி நட்டு, மேலே கட்டி, கேப் போடுவோம். உலோகக் கம்பி அதிகம் தாங்குமா, ஃபைபர் கம்பியா என்பது கேள்வி. பல்லை அச்சில் பதித்து, பொறியியல் கல்லூரியில் சிமெண்ட் கட்டியை நசுக்குகிற இயந்திரத்தில் வைத்து, உடைகிறவரை அழுத்துவோம். ஒப்பிட்டுப் பார்க்க, யாரும் கை வைக்காத பற்கள் ஒரு தொகுதி வேண்டும். அந்தத் தொகுதிதான் நிறையவில்லை.

என் மனைவி ரமாவைப் பற்றியும் கேட்டீர்கள். அவளுக்கும் ஒரு முன்பல் அப்படித்தான். உலோகக் கம்பி வைத்துக் கட்டியவன் நான். முறுக்கு கடித்ததில் உடைந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் மேடவாக்கம் சாலையில் தண்ணீர் லாரி. மாலை போட்ட படத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அதன்பின் எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. பாவம் என்றார்கள். வசதியாக இருந்தது.

சம்பந்தம் வந்தது அந்தச் சமயத்தில். கீழ்க்கட்டளையில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். ஊர்வலத்தில் ஆடிய ஒருவனின் முழங்கை பட்டு ஒரு முன்பல் செத்துவிட்டது. ரூட் கெனாலை நானே முடித்திருந்தேன். கேப் போட வந்தார்.

"வைகாசி பொறக்கப் போவுது டாக்டரு. சட்டுனு முடிச்சுவுட்டா உங்க வூட்டு விசேஷத்துக்கு ஓசில ஊதறேன்" என்றார். நர்ஸ் அவரை முறைத்தாள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சிரித்துவைத்தார். மேல் வரிசை முழுதாகத் தெரிந்தது.

விளக்குப் பலகையில் ஓர் எக்ஸ்ரேயை மாட்டினேன். எலும்பு கரைந்துவிட்டது, முன்னால் நாலையும் எடுக்கவேண்டும் என்றேன். எக்ஸ்ரே அவருடையது அல்ல.

"நோவு ஒண்ணுலதான கீது? மீதி மூணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பரவிடும்."

"பல்லு இல்லாம எப்டி ஊதறது? மவுத்பீஸு அதும்மேலதான குந்தும்."

"பல்செட் தருவோம். இலவசம்."

எக்ஸ்ரேயையே கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்சவரு சொல்றீங்க" என்று வாயைத் திறந்தார்.

வலிக்காமல்தான் எடுத்தேன். அடிபட்ட பல் ஆய்வுக்கு உதவாது, குப்பையில் போட்டேன். மற்ற மூன்றும் உப்புநீர் பாட்டிலுக்குள் போயின. தோத்தாத்ரி சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பியூட்டிஃபுல். எங்கப்பா புடிச்ச?"

"பேண்டு வாசிக்கிறவர் சார்."

"அதான் இவ்ளோ ஸ்ட்ராங்" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. பாவம் பார்த்திருப்பார்.

சொன்னபடி பல்செட் கொடுத்தோம். வண்டலூரில் ஒரு வரவேற்பில், முதல் பாட்டிலேயே அது பாய்ந்துபோய் மாப்பிள்ளையின் மாலையில் சிக்கிக்கொண்டதாம். இப்போது அதே பேண்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி தள்ளுகிறார். புகார் கொடுத்தது அவர் மட்டும்தான். இதே மாதிரி நான் பல் எடுத்த மற்றவர்கள் கொடுக்கவில்லை. அவர்களுக்கு எதையும் ஊதவேண்டிய தொழில் இல்லை.

ஆம், பழுதில்லாத பற்கள் என்று தெரிந்தேதான் எடுத்தேன். ரமாவுக்காக என்று எழுதிக்கொள்ளலாம். ஆய்வேட்டையும் அவளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். முடிவுரையைப் படித்திருப்பீர்கள். ரூட் கெனால் செய்த முன்பல்லை அவசரப்பட்டு எடுக்கவேண்டாம், ஃபைபர் கம்பி வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறேன். 2005 மாநாட்டில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிவுரையில் இடம் போதாமல் விட்டது ஒன்று உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் தாங்கியது யாரும் கை வைக்காத தொகுதி. அதிலும் கடைசிவரை நின்றவை சம்பந்தத்தின் பற்கள். மூன்றுமே. இதை அவரிடம் யாராவது பக்குவமாக எடுத்துச் சொன்னால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன். யாருக்கும் பெருமையாகத்தானே இருக்கும்.