முன்னூத்திப் பதினேழாம் நம்பர் வாய்

அந்த ஸ்டூல்ல உக்காராதண்ணா, மாவு ஒட்டிக்கும், அப்புறம் அண்ணி என்னைத்தான் திட்டுவாங்க. நில்லு. நின்னே பேசு. இப்ப சொன்னியே, அதையே இன்னொரு தடவை சொல்லு. என் காதுல சரியாத்தான் விழுந்துச்சான்னு பாக்கணும்.

அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. அண்ணிக்கு இடுப்பு வலி. அதனால நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடணும். சரி. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்ன பாரு, உனக்குன்னு வேற யாரு இருக்கான்னு. அதுதான் அருமை. நான் வீட்டை விட்டு வந்து இருபத்தியொரு வருஷம் கழிச்சு, ரெண்டு பஸ் மாறி, தங்கச்சியைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்து சொல்ற வார்த்தை!

கத்தலண்ணா. என் குரலே இப்படித்தான், மூக்கால வரும். அதுகூட மறந்துபோச்சா?

முதலாளிகிட்ட என்னன்னு கேட்ட? இங்க கூட்டிப் பெருக்குதே அந்தப் பொம்பளைன்னுதானே? உள்ள வரைக்கும் கேட்டுச்சு. பெருக்குறதும் வேலைதான், ஆனா நான் பெருக்கல. பல்செட் செய்றேன். பதினாறு வருஷமா. பல் டாக்டருங்க நோயாளி வாயில அச்செடுத்து அனுப்புவாங்க, நான் அதுல பிளாஸ்டர் மாவைக் கரைச்சு ஊத்தி, அந்த வாயை அப்படியே உண்டாக்கி, மெழுகுல ஒவ்வொரு பல்லா பதிப்பேன். அந்த அலமாரியைப் பாரு. அவ்வளவும் யாரோ ஒருத்தரோட வாய். பேரெல்லாம் வராது, நம்பரும் வயசும் மட்டும்தான். யாரு என்னன்னு எனக்கும் தெரியாது, செஞ்சது யாருன்னு அவங்களுக்கும் தெரியாது.

எதையும் தொடாத. ஒடஞ்சா திரும்ப அச்செடுக்கணும்.

பழசையெல்லாம் எதுக்குக் கிளறுறன்னா? நீதானே வந்து நிக்கிற, நானா உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன்? நான் உதடு பொளந்து பொறந்தவ, தச்ச தையலும் கோணலாப் போனவ. சரி, அது யார் தப்பும் இல்ல. ஒவ்வொரு போட்டோவுக்கும் அப்பா திரும்பிப் பாத்து, நீ கையால வாயைப் பொத்திக்கோன்னு சொல்வாரே, அது யார் தப்பு? நம்ம வீட்டு ஆல்பத்துல எனக்கு வாயே கிடையாது, போய்ப் பாரு. அண்ணி வீட்டுக்காரங்க நம்ம வீட்டைப் பாக்க வந்த அன்னிக்கு, பரம்பரை வியாதின்னு நெனச்சுக்குவாங்கன்னு, என்னை மெத்தை போட்டு வைக்கிற ரூம்ல தள்ளி வெளிய தாழ்ப்பாள் போட்டாங்களே. சொன்னது அப்பா. போட்டது யாரு? ஏன் கீழ பாக்குற? போட்டது நீதானே.

நிறுத்து, நிறுத்து. கடவுள் உன்னை நல்லா வெப்பாருன்னு எங்கிட்ட சொல்லாத. உன் சிபாரிசுல ஒண்ணும் அவர் என்னை வெக்கல. வேற என்ன வேணா பேசு, அவரை மட்டும் இழுக்காத.

ஏன்னா அந்த ரூம்லதான் எனக்கு அவரைத் தெரிஞ்சுது. வெளிய நீங்கல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்க, நான் மெத்தை மேல உக்காந்து அவரைத் திட்டுறேன். எதுக்கு என்னை இப்படிச் செஞ்ச, கை தவறிப்போச்சா, பாதியில எந்திரிச்சுப் போயிட்டியான்னு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பதில் கிதில் ஒண்ணும் வரல. ஆனா கேட்டுக்கிட்டிருந்தாரு. சிரிக்காத. நம்ம வீட்ல நான் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற வரைக்கும் யாராவது காத்துக்கிட்டிருந்திருக்கீங்களா? பாதியிலயே, சரி சரி, புரிஞ்சுதுன்னு போயிடுவீங்க. அவர் முழுசாக் கேட்டாரு. நீ வந்து தாழ்ப்பாளைத் தொறந்தப்ப உள்ள இருந்தது நீ அடைச்சவ இல்லண்ணா. அவருக்கு வேண்டியவளா வெளிய வந்தேன். உங்களுக்கு வேண்டியவளா இல்ல, அது வேற.

என்னது, போனை நீட்டுற? உன் பொண்ணு கல்யாணமா? குடு. நல்லா இருக்கா, நம்ம அம்மா சாயல். பத்திரிகைதான் வரல, படமாவது வருதே. இது அப்பாவா? இரு. பெருசாக்கு. இன்னும் பெருசாக்கு, வாய்க்கிட்ட.

அடேங்கப்பா, என்னமா சிரிக்கிறாரு. இந்த இடது முன்பல்லு ஒரு நூலளவு எறங்கியிருக்கு பாத்தியா? வேணும்னேதான் அப்படி வெச்சேன். ஸ்கேல் வெச்ச மாதிரி இருந்தா செட்டுன்னு தெரிஞ்சுடும்.

ஆமாம், செஞ்சது நான்தான். மூணு வருஷம் ஆச்சு. முன்னூத்திப் பதினேழு, ஆண், எழுபத்தி ரெண்டு. உங்க தெரு பல் டாக்டர் எங்களுக்குத்தான் அனுப்புறாரு. அவருதுன்னு எப்படித் தெரியும்னா? வலது கோரைப்பல்லு குறுக்கால ஒடஞ்சிருந்துச்சு. சோடா பாட்டிலைப் பல்லால தொறந்து ஒடச்சுக்கிட்டாரே, நீதானே ஐஸ் எடுத்துக்கிட்டு ஓடின? அந்த அடையாளம்கூட வேணாம். பத்தொன்பது வருஷம் என் மூஞ்சிக்கு நேரா கத்தின வாய். எனக்குத் தெரியாதா?

பொய் சொல்ல மாட்டேன், உள்பக்கம் ஒரு பொட்டளவு கூடுதலா விட்டுடலாம்னுதான் இருந்தேன். அது போதும், ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் குத்தும். தேய்க்கிற மெஷினைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முதலாளி வந்து, கரண்ட் போயிடுச்சாம்மான்னு கேட்டாரு. நான் அவர்கிட்ட, மேல இருக்கிறவர்கிட்டத்தான், இது யாருதுன்னு தெரியும்லன்னு கேட்டேன். என்னை முழுசாக் கேட்டவர் முன்னாடி அரைகுறையா ஒரு வேலை செய்யக் கை வரல. உள்பக்கம் விரலை ஓட்டி ஓட்டிப் பாத்து, முள்ளு மாதிரி நீட்டினதையெல்லாம் எடுத்தேன். சிரிச்சா முன்பல்லு எவ்வளவு தெரியணும்னுதான் திணறிட்டேன். எங்கிட்ட சிரிச்சிருந்தாத்தானே தெரியும்? குத்துமதிப்பா வெச்சேன். சரியாத்தான் வந்திருக்கு.

அழாத. எனக்கு வேலை கிடக்கு. அங்க வந்து இருக்க மாட்டேன், அதுல மாத்தமே இல்ல, ஆளைப் போட்டுக்கோ. ஆனா மெலிஞ்சிருப்பாரு, செட்டு ஆடும், மெல்ல முடியாது. வியாழக்கிழமை கழட்டி எடுத்துட்டு வா, உள்ள ஒரு பூச்சு குடுத்து இறுக்கித் தர்றேன். தண்ணியில போட்டுக் கொண்டா, காஞ்சா கோணிடும். யாரு செஞ்சதுன்னு அவர்கிட்ட சொல்லாத, தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

போறப்ப கதவைச் சாத்திட்டுப் போண்ணா. சும்மா சாத்தினாப் போதும். தாழ்ப்பாள் வேணாம்.