நின்றுபோன தளத்துக்கு இணைப்பு கிடையாது

சிறிய இணையதளம் நடத்துபவர்கள் பெரும்பாலும் மரியாதையானவர்கள் சார். ஒன்று கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உங்களுக்குத் தமிழ் புரியும் என்றீர்கள். தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு மாற்றிக்கொள்ளும் முறை எளிது. உங்கள் தளத்துக்கு என் தளத்தில் ஓர் இணைப்பு வைப்பேன்; பதிலுக்கு நீங்களும் வைப்பீர்கள். பல பேர் கைகாட்டும் தளம் இணையத்தில் தேடும்போது மேலே வரும். என் மனைவி இளவேனில் தன் சமையல் தளத்தை அப்படித்தான் வளர்த்தாள். சமையல், கோலம், மாடித்தோட்டம் என்று எழுதும் பெண்கள் சிலர் அவளோடு இணைப்பு மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதுவும் எழுதாமல் நின்றுபோன தளத்தின் இணைப்பை எடுத்துவிடுவார்கள். கோபமெல்லாம் இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு யாரும் விருந்தாளியை அனுப்ப மாட்டார்கள் அல்லவா.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது இளவேனில் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றாள். சாறும் கஞ்சியும் போதும் என்று எங்கோ படித்திருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. படித்தவள், அவள் உடம்பு. என்ன குடிக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று தளத்தில் எழுதிவந்தாள். வாசகர்கள் கூடினார்கள். கட்டி கரைவதாக எழுதிய மாதமே இறந்துபோனாள்.

திருப்பத்தூரில் காரியத்தை முடித்துவிட்டு ஹெப்பகோடி வீட்டுக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்க ஆளில்லை. பிறகு அவள் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தளம் நின்றுவிட்டதா, இணைப்பை எடுத்துவிடலாமா என்று கோலத் தளம் நடத்தும் பெண் கேட்டிருந்தார். எடுக்க வேண்டாம் என்று இளவேனிலாகவே பதில் எழுதினேன். கையோடு ஒரு பதிவும் போட்டேன். பதிவு எழுதுகிறவள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நோயோடு இத்தனை நாள் உயிரோடு இருப்பவள் குணமாகியிருக்க வேண்டும். அதனால் குணமாகிவிட்டதாக எழுதினேன்.

மாடித்தோட்டத் தளம் பாமாவுடையது. அவருக்கும் கட்டி வந்திருந்தது. இளவேனிலின் பதிவுகளைப் பார்த்துச் சாறு குடிக்கத் தொடங்கியிருந்தார். வாரம் தவறாமல் எழுதுவார். நான் பதில் போடுவேன். போனில் பேசலாம் என்பார்; தொண்டை சரியில்லை என்று எழுதுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளவேனில் எப்போதோ தந்திருந்த முகவரியைத் தேடிப்பிடித்து, வெந்தயக்கீரைக் கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"இளவேனில் வீடுதானே? நான் பாமா, ஆஸ்டின் டவுன்லேருந்து வர்றேன். ஏம்ப்பா இப்பிடி முழிக்கிறே? சீட்டுக்கு ஆள் புடிக்க வரல."

"அவ ஊருக்குப் போயிருக்கா, ஆன்ட்டி."

"அய்யோ ராமா. சொல்லாம வந்தா இப்பிடித்தான். ஸ்வல்ப தண்ணி குடு, கொஞ்சம் போதும்."

அலமாரியில் இளவேனிலின் படம் இருந்தது. நான் மாலை போட்டிருக்கவில்லை, பொட்டும் வைத்திருக்கவில்லை. பாமா எழுந்து போய்ப் பார்த்தார்.

"எவ்ளோ லட்சணமா இருக்கா. டாக்டர் என்னமோ எனக்கு ஆபரேஷன் பண்ணா சரியாப் போயிடும்கிறாரு. சின்னக் கட்டிதானாம். தேதியும் குடுத்துட்டாரு. எம்பையன் சாய்கிருஷ்ணா போ போன்னு உயிரை எடுக்கிறான். உம்பொண்டாட்டி கத்தி படாமயே நல்லாயிட்டா, நான் மட்டும் எதுக்கு வெட்டிக்கணும்? நீயே சொல்லு. நெஜமா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா, ஆன்ட்டி."

"உன் மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தெரியலியே. அவ இல்லன்னா சோறு தின்ன மாட்டியா? கீரைய வாட விட்றாதே, இன்னிக்கே கடைஞ்சிடு."

அவர் போன பிறகு கீரையைக் கடைந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

வீட்டுக்குப் போய் அவர் மறுபடியும் எழுதினார். என்னிடம் கேட்டது போதவில்லை போலிருக்கிறது. இளவேனிலின் வாயால் கேட்க விரும்பினார். ஆபரேஷனுக்குப் போகட்டுமா, வேண்டாமா என்று ஒரே கேள்வி. 'போகாதீங்க பாமாக்கா. என்னைப் பாருங்க' என்று பதில் எழுதினேன். அவர் போகவில்லை.

தெரியாமல் எழுதினாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் எழுதினேன். கட்டி எப்படிப் பரவும், கடைசியில் மூச்சுக்கு எப்படித் தவிப்பார்கள் என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அறுவை முடிந்து நன்றாகிவிட்டால் பாமா எதற்கு எழுதப்போகிறார்? இளவேனில் எப்படி இருக்கிறாள் என்று வாராவாரம் கேட்டது அவர் ஒருவர்தான். அவர் அறுத்துக்கொண்டு பிழைத்தால், இளவேனிலும் அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆகிவிடும் என நான் பயந்ததாகச் சாய்கிருஷ்ணா புகாரில் எழுதியிருக்கிறார். அப்படி நான் நினைக்கவே இல்லை. ஒருநாளும் நினைத்ததில்லை.

கடைசி வாரங்களில் பாமாவால் தட்டச்சு செய்ய முடியவில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்பினார். கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசினார், பாதி புரியவில்லை. சாறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்றார். கொஞ்சம் வெதுவெதுப்பாகக் குடிக்கச் சொல்லி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

நான் அவரைத் தொடக்கூட இல்லை சார். அவர் கேட்டார், சொன்னேன். வேண்டுமானால் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் என் போனை ஒரு நிமிடம் கொடுக்க முடியுமா? கோலத் தளம் நடத்தும் பெண்ணுக்கும் கட்டிதான் என்று நேற்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று இளவேனிலைக் கேட்டிருக்கிறார். பாவம், தனியாக இருப்பவர். காத்துக்கொண்டிருப்பார்.