திரும்பி வந்த காணிக்கை

ஒரத்தநாட்டில் பேருந்து கிளம்பியதும், பக்கத்து வரிசையில் மடியில் மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் நாத்தனாரிடம் சொன்னார்:

"ஆண்டவருக்குக் குடுத்தேன். அவரு திருப்பி அனுப்பிட்டாரு."

கூடைக்குள் சேவல் கூவியது.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"போன ஞாயித்துக்கெழம எங்க சபையில அறுப்பின் பண்டிகை. காணிக்கையா வந்ததையெல்லாம் ஏலம் விட்டாங்க. பூசணிக்காய்க்குக்கூட போட்டி. இதை மட்டும் ஒருத்தரும் கேக்கல. எங்க தெருவுல இது கொத்தாத காலே இல்ல. காணிக்கை அப்படி அனாதையா நிக்கக் கூடாதுன்னு கடைசில ஒங்க அண்ணனே ஏலத்துல எடுத்துட்டு வந்துட்டாரு."

"அடிச்சுக் கொழம்பு வைக்க வேண்டியதுதான?"

"ஆண்டவருக்குன்னு குடுத்ததத் திங்கவா? அதான் ஒங்க ஊரு பண்டிகைக்குக் கொண்டாறேன். அங்க இதை யாருக்கும் தெரியாது."

"நல்லதாப் பாத்துக் குடுக்கணும் அண்ணி."

"சந்தோஷமாக் குடுக்கணும்னுதான போதகர் சொல்றாரு? இதைக் குடுத்தப்ப இருந்த சந்தோஷம் எனக்கு எதைக் குடுத்தப்பவும் இருந்ததில்ல."

நாத்தனார் கூடையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க சபையில யாரும் கேக்காத பொருளையெல்லாம் எங்க வீட்டுக்காரருதான் எடுப்பாரு அண்ணி. பாத்துக்கிட்டு இருக்க அவருக்கு மனசு தாங்காது."

"நல்ல மனுசன்," என்று சொல்லிவிட்டு, அண்ணி நிம்மதியாகக் கூடையை இறக்கிக் கீழே வைத்தார்.

நாத்தனார் செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டார்.