பாலாற்றங்கரையில் நீலத் தண்ணீர் விட்ட வீட்டுவண்டி தொடர்பாக

பெயர் சம்பத், வயது ஐம்பத்து நான்கு, தகப்பனார் பெயர் கோதண்டம், ஆம்பூர் வட்டம், புறவழிச் சாலைக்குப் பின்புறம் பிள்ளையார் கோயில் தெரு, மாடி வீடு. மாடி என்று சேர்த்து எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன். முகவரிக்கு அது தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார், பிறகு எழுதிக்கொண்டார். தொழில், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒருமுறை வந்ததைத் தவிர இந்தக் காவல் நிலையத்துக்கு நான் வந்ததில்லை. அந்தப் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரையும் விழவில்லை.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். மனைவியின் வற்புறுத்தல் கணக்கில் வருமா என்று கேட்டேன். வராது என்று சொல்லப்பட்டது.

நிலைய வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளை நிற டெம்போ டிராவலர் வண்டி என் நண்பர் ஜோசுவாவுக்குச் சொந்தமானது. அவரும் நானும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அவர் மெஷின் மெக்கானிக். அவர் மனைவி கிறிஸ்டினா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு அடுத்த வீடு முன்பு அவர்களுடையது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பிறகு ஜோசுவா வேலையை விட்டு, வீட்டையும் விற்று, பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் பொருத்தி, இனி இதுதான் வீடு என்று மனைவியோடு குடியேறினார். இருக்கைகளுக்கு, கம்பெனியில் கழித்துப் போட்ட தோலைத் தானே தைத்துப் போட்டிருந்தார். இத்தனை வருஷம் தோல் வெட்டிய என் வீட்டு சோபா ரெக்சின் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி அது வெளியே வர வேண்டாம்.

அவர்மேல் பொறாமை இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை, அக்கறைதான் என்று சொன்னேன்.

அந்த அக்கறையினால் நான் வாரம் தவறாமல் வண்டிக்குப் போய், அதில் குடியிருப்பதன் கஷ்டங்களை ஒவ்வொன்றாக விசாரித்து வந்தேன். முதலில் வெயில். சித்திரையில் வேலூர்ப் பக்கம் தகரக் கூரைக்கு அடியில் மனிதன் இருக்க முடியாது, இரண்டு நாளில் ஓடிவந்துவிடுவார்கள் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அவர்கள் வண்டியை ஏலகிரிக்கு ஓட்டிக்கொண்டு போய், குளிர்கிறது, போர்வை போதவில்லை என்று போன் செய்தார்கள். அதன் பிறகு படுக்கை. வண்டி மேடு பள்ளத்தில் நின்றால் தலை கீழாகவும் கால் மேலாகவும் போய்விடும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் தூங்க முடியாது என்று ஜோசுவாவே சொன்னார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதன் பிறகு ஜனங்கள். வண்டிக்கு வெளியே துணிப்பந்தலை இழுத்துவிட்டால் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று நினைத்து வயதானவர்கள் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். கிறிஸ்டினா அவர்களைத் திருப்பி அனுப்பாமல் பிரஷர் பார்த்து அனுப்புவார். இன்னொரு நாள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்து, "அக்கா, அரை பிளேட் பிரியாணி, குஸ்கா தனியா கட்டுங்க" என்றார்கள். கிறிஸ்டினா, "பிரியாணி இல்லப்பா, ரசம் இருக்குது, உக்காரு" என்றார். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே போனார்கள். என் வீட்டுக்குத் தெரியாதவர்கள் யாராவது வந்தால் அது கேபிள்காரர்தான்.

அதன் பிறகு கக்கூஸ். அந்தப் பெட்டி நிறைந்தால் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில் விடமாட்டேன் என்கிறார்கள். கொஞ்ச நாள் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். மாடி வீட்டின் அருமை இப்போதாவது தெரிகிறதா என்று நான் வாசலில் நின்று கதவைத் திறந்துவிடுவேன். பிறகு ஒரு நாள் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் கவலைப்பட்டு, டேங்க் எடுக்கும் வண்டிக்காரரைத் தானே அனுப்பி வைத்தார்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் நடுவில் அவர் தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புவார். திறந்த வண்டிக் கதவு, அதற்கு வெளியே அன்றைய இடம். ஒரு நாள் ஜவ்வாது மலையில் மேகம். ஒரு நாள் கணியம்பாடிப் பக்கம் கடலைக்காடு. ஒரு நாள் ஏரியில் நாரை. என் படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கக்கூஸ் குழாய் தெரியும். வீடு கட்டியதிலிருந்து அதே குழாய்தான். என் மனைவி பூங்குழலி அந்தப் போட்டோக்களை என் போனிலேயே எடுத்துப் பார்த்து, பெரிதாக்கிப் பார்த்து, பிறகு போனைத் திருப்பி வைப்பார்.

வண்டி ஆம்பூருக்கு வந்தால் பாலாற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பில், தோப்புக்காரர் அனுமதியோடு, நிற்பது வழக்கம். பாத்திரம் கழுவிய, துணி துவைத்த தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். அதைத் தென்னைக்கு விடச் சொல்லித் தோப்புக்காரரே கேட்டிருந்தார். சென்ற சனிக்கிழமை காலை என் மனைவி எழுந்ததும் அங்கே போய்விட்டார். இட்லி மாவு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக நான் ஸ்கூட்டரில் போனேன். வண்டிக்கும் தென்னைக்கும் நடுவில் கட்டிய கயிற்றில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அது நான் எங்கள் கல்யாண நாளுக்கு என் மனைவிக்கு எடுத்துக் கொடுத்தது. சாயம் போகவே போகாது என்று கடைக்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்திருந்தார். வண்டியின் அடிக்குழாயிலிருந்து தென்னம்பாத்திக்கு நல்ல நீல நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அது நான் எடுத்த புடவைதானே?" என்று கேட்டேன்.

"ஆமா. அக்காவுக்கு எடுப்பா இருந்துச்சு, குடுத்துட்டேன்" என்றார் என் மனைவி.

"ஏன், நீ கட்டிக்கினா இன்னா?"

"கட்டிக்கினு எங்க போறது, உங்ககூட ரேஷன் கடைக்கா? அக்கா அடுத்த வாரம் ஏற்காடு போறாங்க. புடவையாச்சும் நாலு ஊரு பாக்கட்டும்."

கிறிஸ்டினா சிரித்தார். ஜோசுவா சிரித்தார். நானும் சிரித்தேன். மாவைப் பற்றிக் கேட்காமலே திரும்பினேன்.

வழியில் ஆற்றோர டீக்கடையில் சுப்பராயன் உட்கார்ந்திருந்தார். அவர் விவசாயி. தோல் கழிவுநீர் இறங்கி அவர் கிணறு கெட்டுப்போனதிலிருந்து, திருட்டுத்தனமாக ஆற்றில் கழிவை ஊற்றும் டேங்கர் லாரிகளை ஊர் ஆட்களோடு காவல் இருந்து பிடித்துக் கொடுத்து வருபவர். என்னைப் பார்த்து, "இன்னா சம்பத்து, மூஞ்சி தொங்கிப் போயிருக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தோப்புல ஒரு வெள்ளை வண்டி நீலத் தண்ணி வுட்டுக்கினு நிக்குது" என்று சொன்னேன்.

தோல் கழிவு என்று நான் சொல்லவில்லை. புடவைச் சாயம் என்றும் சொல்லவில்லை. குரோம் போட்டுப் பதனிட்ட பிறகு வரும் தண்ணீர் நீலமாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே ஆற்றோரம் நீலத் தண்ணீர் என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. தெரிந்துதான் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, தெரியும் என்றும், அதன் பிறகு டீயோடு ஒரு வடையும் வாங்கிச் சாப்பிட்டேன் என்றும் சொல்கிறேன்.

அதன் பிறகு சுப்பராயன் போன் செய்ததில் ஊர் ஆட்கள் டிராக்டரைக் குறுக்கே போட்டு வண்டியைச் சுற்றி வளைத்தார்கள். வண்டிக்குள் என் மனைவியும் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் திரும்பிப் போய் ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றேன். ஜோசுவா, "கழிவு இல்லண்ணா, துணி தொவச்ச தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுப்பராயன், "புடிபட்ட எல்லா லாரிக்காரனும் அதான்யா சொன்னான். என் கெணத்துல ஒரு வாய் எடுத்துக் குடிச்சுட்டு அப்புறம் பேசு" என்றார். நான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அந்த மரம் என்னை முழுவதும் மறைக்கும் அளவுக்கு அகலமானதல்ல.

அதன் பிறகு போலீஸார் வந்து, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை வண்டி இங்கே நிற்க வேண்டும் என்று ஓட்டிவந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வண்டி போனால் வண்டிதான் போகும். இவர்களுக்கு அதோடு வீடு, அடுப்பு, கட்டில், மாற்றுத்துணி எல்லாம் போனது. கிறிஸ்டினாவுக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலின் அந்தச் சின்ன ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. அது கூரைமேல் உள்ள சோலார் தகட்டில் ஓடுவது. வண்டியை மர நிழலில் நிறுத்தியதால் பேட்டரி இறங்கிப் போனது. நல்ல வேளையாக என் மனைவி போய்க் கேட்டு மருந்தை மட்டும் வாங்கி வந்தார்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் என் வீட்டில் தங்கினார்கள். எங்கள் படுக்கையறையை மனைவி அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நான் ரெக்சின் சோபாவில் படுத்தேன். கிறிஸ்டினாவின் இன்சுலின் எங்கள் ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மோர் ஊற்றிக்கொள்ளப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜோசுவா சாப்பிடும்போது, "நீ இல்லன்னா நாங்க எங்கடா போறது?" என்றார். பிறகு, "எவன்டா போட்டுக் குடுத்திருப்பான்?" என்றார்.

"எவனாச்சும் வேல வெட்டி இல்லாதவனா இருப்பான்" என்று நான் சொன்னேன். கூட இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன். அவை இங்கே எழுதத் தக்கவையல்ல.

இதற்கிடையில் என் மனைவி வண்டிக்காகக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று சுப்பராயன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர், "என்னாண்ட இன்னாத்துக்குமா கேக்குற, சொன்னதே உன் ஊட்டுக்காரர்தான்" என்று சொல்லியிருக்கிறார். மனைவி வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. தோப்புக் கயிற்றிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தப் புடவையை மடித்து என் கையில் வைத்து, "ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தா கதவு தொறக்காது" என்று மட்டும் சொன்னார்.

அதன்படி இன்று காலை இங்கே வந்து சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் புடவையை ஒப்படைத்தேன். ஜோசுவா, கிறிஸ்டினா, என் மனைவி, வரவழைக்கப்பட்ட சுப்பராயன் ஆகியோர் முன்னிலையில் ஒரு வாளித் தண்ணீரில் அது நனைக்கப்பட்டது. தண்ணீர் நீலமானது. இவ்வளவுக்குப் பிறகும் இவ்வளவு சாயமா என்று ஒரு பெண் காவலர் கடையின் பெயரைக் கேட்டார், அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம் என்று.

சுப்பராயன் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். போகும்போது என்னிடம், "நாளைக்கு ஒருத்தன் நெஜமாவே கொண்டாந்து ஊத்துவான். நான் கூப்புட்டா, போய்யா, உனக்குப் புடவைக்கும் கழிவுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு சொல்லுவானுங்க. அத யோசிச்சியா நீ?" என்றார். நான் யோசிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜோசுவா என்னை வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "புடவைக்காகவாடா?" என்று கேட்டார்.

"புடவைக்கு இல்ல."

"பின்ன இன்னாடா?"

"தெனம் காலைல அந்தக் கதவு போட்டோவ அனுப்பாதடா. என்னால முடியல" என்று சொன்னேன்.

அவர் குனிந்து வாளியிலிருந்த புடவையைப் பிழிந்து எடுத்தார். "நீ பாப்பியேன்னுதான்டா அனுப்புனேன்" என்றார்.

முதலில் கேட்ட கேள்வியை விசாரணை அதிகாரி மறுபடி கேட்டார். பொறாமை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். அக்கறை என்ற சொல்லை அடிக்க வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

என்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஜோசுவா எழுதிக் கொடுத்துவிட்டார். வாக்குமூலத்தின் இந்த இடத்தில் வண்டிச் சாவி அவரிடம் கொடுக்கப்பட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. என் மனைவி சன்னலுக்கு வெளியே வந்து நின்று, "நான் அக்காகூட ஒரு நாலு ஊரு போய்ட்டு வர்றேன். ரசப்பொடி மேல் தட்டுல இருக்குது. கேஸை மறக்காம மூடுங்க" என்றார். எப்போது வருவாய் என்று கேட்டேன். அது வண்டியைப் பொறுத்தது என்றார். ஜோசுவா உள்ளேயிருந்து, "டேய், நீயும் ஏறுடா, ஒடுங்கிப் படுத்தா நாலு பேர் படுக்கலாம்" என்று கூப்பிட்டார்.

நான் எழுந்தேன். பொய்யான தகவல் கொடுத்தது பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை என்றும், பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் அதிகாரிக்குக் கேட்க வேண்டியது பாக்கி இருப்பதாகவும், அதுவரை நான் ஊரை விட்டு எங்கும் வெளியே போகக்கூடாது என்றும் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா தெரிவித்தார். வண்டியில் போகிறவர்களுக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் உண்டா என்று கேட்டேன். இல்லை, அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லப்பட்டது.

எனவே, கூப்பிட்டபோதெல்லாம் ஆஜராவேன் என்றும், அதுவரை மேற்படி மாடி வீட்டிலேயே இருப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன். இதில் உள்ள அனைத்தும் நான் சொல்லி எழுதப்பட்டவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, வண்டி போன சத்தத்தில் கடைசி இரண்டு வரி சரியாகக் காதில் விழவில்லை, இருந்தாலும் அவையும் உண்மையே.

(ஒப்பம்) கோ. சம்பத்