வழி வித்தவன்

படியேறிறது எனக்கு இப்ப கஷ்டம். இஞ்சை கபோச் சந்தைப் பக்கம் நான் வாடகைக்கு எடுத்த அறை நாலாம் மாடி. ஆறுதலாச் சொல்லுறன், நீங்கள் இத்தாலியனிலை மாத்தி எழுதுங்கோ தங்கச்சி. இந்தக் குவெஸ்தூராவுக்கு, பொலிசுக் கந்தோருக்கு, நானாத்தான் வந்தனான். ஓடித் திரிய இனிச் சீவன் இல்லை.

பேர் தில்லையம்பலம். இந்த ஊரிலை கால்சாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவினனான். என்னோடை கழுவின லாம் எண்ட வியட்நாம்காரன் ஒருநாள் சொன்னான், தங்கடை நாட்டிலை அந்தக் காலம் கொள்ளைக்காரர் வழிப்போக்கரை மறிச்சுப் பறிக்கிற காசுக்கு 'மாய் லோ' எண்டு பேராம். வழியை வாங்கிறது எண்டு அர்த்தமாம். அவன் கள்ளரைப் பற்றித்தான் சொன்னவன். எனக்கு அந்த 'வாங்கிறது' பிடிச்சுப்போச்சு. வாங்க ஆள் இருந்தால் விக்கவும் ஆள் வேணுந்தானே.

தொண்ணூற்றாறிலை எங்கடை சனம் நிறைய இஞ்சை வந்து இறங்கினது. ஜேர்மனி, சுவிஸ் எண்டு போற ஆக்கள். ஆக்களைக் களவாய் அனுப்புற ஏஜென்சிக்குக் காசு முழுக்கக் கட்டிப்போட்டு வந்தவை. றெயில் ஸ்டேசனிலை நான் தமிழிலை கதைச்சாலே அழுவினம். அறைக்குக் கூட்டிவந்து சோறு குடுப்பன். பிறகு பாஸ்போட்டை வாங்கி வைச்சுக்கொண்டு, உறவுக்காரர் காசு அனுப்பினால்தான் றெயில் ஏத்துவன். ஒருத்தரையும் அடிக்கேல்லை. கதவை மட்டும் வெளியாலை பூட்டுவன்.

குகனேஸ்வரி ஓகஸ்ற்றிலை வந்தவ. தமையன் சுவிசிலை. "அண்ணை, அவர் ஒருக்காக் குடுத்திட்டார். இன்னொருக்காக் கேக்க மாட்டன்" எண்டா. மற்றவை குடுத்திட்டுப் போட்டினம். அவ தனிய மிஞ்சினா.

சுடுகாத்து அடிச்ச கிழமை அது. யன்னலுக்கு நான் முந்தியே பலகை அடிச்சிருந்தன். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோக, கதவுக்கு அங்காலை நிண்டு சொன்னா: "அண்ணை, முட்டு இழுக்குது, மூச்சு விடேலாமல் கிடக்கு. மருந்து முடிஞ்சுது. திறவுங்கோ."

"தமையன்ரை நம்பரைச் சொல்லுங்கோ, திறக்கிறன்."

"அவருக்கு நாலு பிள்ளையள்."

சோத்துப் பாசலை வாசலிலை வைச்சிட்டுப் படியிலை இருந்தன். பின்னேரம் வரைக்கும் கதவு தட்டின சத்தம் கேட்டதெண்டு கீழ்வீட்டு சிஞ்ஞோரா, அந்த இத்தாலியன் மனுசி, பொலிசிட்டைச் சொன்னவவாம். உண்மை. எனக்கும் கேட்டது. பிறகு நிண்டிட்டுது; நான் இறங்கிப் போட்டன். பூட்டுத் திறப்பு என்ரை சட்டைப் பையிலைதான் இருந்தது. ஆனால் இவவைச் சும்மா விட்டால், காசு குடுத்துப் போனவைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?

விடிய வந்து திறக்க, அவ கதவடியிலை கிடந்தா. உடம்பு குளிர்ந்திருந்தது. ஓம், நான்தான் அவவைச் சாக விட்டனான்.

ஆனால் ஒண்டை வடிவா எழுதுங்கோ தங்கச்சி. அவவிட்டை நான் ஒரு லீராக் காசும் வாங்கேல்லை.